ஏர்னெஸ்ட் இறந்த செவ்வாய்க்கிழமை

வட்டுக்கோட்டை ஏர்னெஸ்ட் வாத்தியார் தமது ஒரே நாவலை வெளியிட்டு ஒன்பது வருடங்கள். அன்றிலிருந்து அடுத்த நாவலின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தார். அவர் கசக்கி எறிந்த கடதாசிகளைப் பொறுக்கிக் கூடு கட்டிய காகங்களில் மூன்று தலைமுறை போய்விட்டது. அந்தக் குஞ்சுகள் சந்திப் பிழையில்லாமல் கரைகின்றன என்று அவர் மனைவி மியூரியல் சத்தியம் பண்ணுவார்.

வரி வராததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய தமையன் நதானியேல் அந்த ஒன்பது வருடமும் அவரோடு கதைக்கவில்லை.

குற்றம் நாவலில் இருந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளியேறிய இடப்பெயர்வில் மூத்த மகன் ஒருவன் தாயின் சீலைப்பெட்டியை நாவற்குழி வீதியோரத்தில் போட்டுவிட்டுப் போகிறான். பெட்டி விட்டது உண்மைதான். ஆனால் நதானியேல் அதை விட்டது, சைக்கிள் கரியரில் தாயையே ஏற்றுவதற்காக. அந்த நேரம் கொழும்பில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஏர்னெஸ்ட், பெட்டிக்குச் சோகம் கூடட்டும் என்று தாயை முந்திய அத்தியாயத்திலேயே சாகவைத்துவிட்டார். வாசித்தவர்கள் விம்மினார்கள். நதானியேலைச் சாவகச்சேரிச் சந்தையில் கண்டவர்கள், "பெட்டிக்காரர் போறார்" என்றார்கள்.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஏர்னெஸ்ட் வாழ்த்து மடல் அனுப்புவார். ஒன்பதும் உறை பிரிக்காமல் திரும்பி வந்தன.

இந்த நிலையில்தான் கோகுலன் என்ற இளைஞர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குக் கதை கேட்டு வந்தார். எழுத வராமல் தடுமாறும் ஒரு நாவலாசிரியரைப் பற்றிய தொடர். பாதி சிரிப்பு, பாதி அழுகை. "சேர், உங்களுக்கு இது கஷ்டமா இருக்காது" என்றார் மரியாதையாக. கஷ்டமாக இருக்கவில்லை. ஆறு அங்கங்கள் ஆற்றுவெள்ளமாக வந்தன. ஏழாவதில் நாவலாசிரியர், தன் செத்தவீட்டுக்கு யார் வருவார்கள் என்று பார்க்கச் செத்ததாக நடிக்கிறார். ஊரெல்லாம் வருகிறது. தமையன் மட்டும் வருவதில்லை. அந்த இடத்தை எழுதும்போது ஏர்னெஸ்ட் இரண்டு தரம் எழும்பிப் போய் முகம் கழுவினார்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் நாயகனுக்கு முகமெல்லாம் கொப்பளிப்பான் போட்டுவிட்டது. "நீங்களே நடியுங்கோ சேர், உங்கடை முகத்திலை எல்லாம் கிடக்கு" என்றார் கோகுலன். ஆகவே படப்பிடிப்புக்காகச் சந்தியில் ஒட்டிய 'கண்ணீர் அஞ்சலி' நோட்டீசில் சிலுவைக்குக் கீழே பெரிதாக ஏர்னெஸ்டின் படமும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் கதாநாயகனின் பெயரும் இருந்தன.

திங்கள் பின்னேரம் படம்பிடித்து முடிந்தது. நோட்டீசை மட்டும் ஒருவரும் தொடவில்லை. செத்தவரின் நோட்டீசில் கைவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதை மழைதான் கிழிக்கவேண்டும். பொய்ச்சாவுதானே என்று கோகுலன் எவ்வளவோ சொல்லியும், "அது உங்களுக்கு, ஒட்டின பசைக்கு உது தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு வேலையாட்கள் வந்த வாகனத்தில் ஏறிவிட்டார்கள்.

ஊரார் ஏமாறவில்லை. அந்த நோட்டீசுக்குக் கீழேயே ஏர்னெஸ்ட் நின்று சோடா குடித்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் யாரோ அதைப் படம்பிடித்து அனுப்ப, அது கனடாவின் ரொறன்ரோவுக்குப் போய், அங்கே நாலு பேரை அழவைத்து, விடிவதற்குள் தமையன் இருக்கும் சாவகச்சேரியில் வந்து இறங்கியது.

செவ்வாய் காலை ஏர்னெஸ்ட் புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படலை திறந்தது. பூச்சி உருண்டை மணக்கும் கறுப்புக் கோட்டோடு நதானியேல் நின்றார். கையில் வண்டிச் சில்லளவு மலர்வளையம். இரண்டு பஸ்ஸிலும் அதற்குத் தனி இருக்கை கிடைத்ததாம். அவர் நின்றுகொண்டு வந்தார்.

ஏர்னெஸ்ட் எழுதிய ஏழாம் அங்கத்தில் இந்த வரவு இல்லை.

நதானியேல் தம்பியைப் பார்த்தார். புட்டுக் கோப்பையைப் பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்தார்.

"செத்தவன் முட்டைப்பொரியலோடை இருக்கிறான்."

"அண்ணை, அது நாடகத்துக்கு..."

"பொய்ச்சாவு எழுதிறதுதானே உன்ரை தொழில்! அம்மாவை எழுதினாய், இப்ப உன்னை. அடுத்தது ஆர், நானோ?"

மியூரியல் குசினியிலிருந்து ஓடிவந்து, "அத்தான், இருங்கோ, தேத்தண்ணி..." என்றார்.

"நான் இருக்க வரேல்லை, பிள்ளை. புதைக்க வந்தனான்." சொன்னவர் மலர்வளையத்தை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் எட்டிப் பார்த்தது. சேமக்காலையில் குழியருகே நின்று வாசிக்க எழுதியது. ஏர்னெஸ்டின் கண் அதிலேயே நின்றது.

"ஒருக்கால் வாசியுங்கோவன், அண்ணை."

"இது செத்த தம்பிக்கு எழுதினது. உனக்கில்லை."

ஏர்னெஸ்ட் கையைக் கழுவிவிட்டு வந்து, தமையனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். அறுபத்துமூன்று வயது முழங்கால் இரண்டும் கதவுபோலக் கிறீச்சிட்டன.

"நான் அங்கை இருக்கேல்லை, அண்ணை. இருக்காதவன் எழுதப்படாததை எழுதிப்போட்டன். என்னிலைதான் பிழை."

நதானியேல் மலர்வளையத்தில் வாடிய பூ ஒன்றைப் பிய்த்தார். பிறகு இன்னொன்று.

"அம்மா கரியரிலை இருந்து என்ன சொன்னவ?" என்று ஏர்னெஸ்ட் கேட்டார்.

"இதைக் கேக்க உனக்கு ஒன்பது வருசம்."

"ஓம்."

"மழையடா. சனம் அசையேல்லை. அம்மா நித்திரை தூங்கி விழுவன் எண்டு தன்ரை சீலைத் தலைப்பாலை என்ரை இடுப்போடை கட்டச் சொன்னவ. கட்டினாப் பிறகு விடியுமட்டும் கதைதான். ஆரைப் பற்றி எண்டு நினைக்கிறாய்? உன்னைப் பற்றி! கொழும்பிலை என்ன திண்டானோ, குடை கொண்டு போனானோ எண்டு. சைக்கிளை உழக்கினது நான், அவவுக்குக் கவலை உன்னிலை."

ஏர்னெஸ்ட் சிரிக்கத் தொடங்கி, அது வேறு பக்கம் திரும்பிவிட, முகத்தைக் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் மூடிக்கொண்டார். நதானியேல் அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டார்.

"மியூரியல், எனக்கும் புட்டு வை. டேய், பேனையை எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. உன்ரை எண்ணத்துக்கு ஆரையும் சாக்காட்டாதை."