கிளையில் காய்த்த மல்லாட்டை

ஆவணி மாதம். காலை ஆறு மணிக்கு எழும்பூரில் பாசஞ்சர் ஏறி, பத்தரைக்குத் திண்டிவனத்தில் இறங்கினேன். எழுபத்தைந்து மைல். பையில் இலை, பூ, காய் என்று மூன்று மர அச்சுக்கட்டைகள். எட்டு வருஷமாகப் பிறர் வரைந்த மாங்காயையும் மயிலையும் நகலெடுத்த நான், ஜன்னல் திரைக்காக முதன்முதலில் சொந்தமாக வரைந்த நிலக்கடலைக் கொடியின் அச்சுகள் அவை. மறுநாள் காலைக்குள் மாதிரித் துணி வராவிட்டால் பழைய மாங்காயே போதும் என்று சென்னைக் கடை முதலாளி சொல்லியிருந்தார்.

துணிக்கு அச்சடிக்கும் கொட்டகை ஒலக்கூர் சாலையில் இரண்டு மைல். புதுக்காசு வந்து ஐந்தாறு வருஷமாகியும் ஜட்காக்காரர் எட்டணா என்றுதான் கேட்டார். “ரெண்டு பக்கமும் மல்லாட்டைதாங்க” என்றார். நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்; புன்செய் நிலத்துக்குக் கொல்லை. நான் கொல்லையைப் பார்த்தேனா? மடியிலிருந்த கட்டைகளையே ரசித்துக்கொண்டு போனேன்.

பன்னிரண்டு மணிக்கு அச்சுக்கொட்டகைக்காரர் மாணிக்கம் கட்டையைச் சாயத்தில் ஒற்றி, துணியில் வைத்து, முஷ்டியால் தட்டி முதல் கெஜத்தை முடித்தார். அதைக் காயப்போட எடுத்த அஞ்சலை என்ற பெண்மணி சிரிக்கத் தொடங்கினார். அறுவடை நாட்களில் கொல்லை வேலைக்குப் போகிறவராம்.

“இன்னா சார் இது, மல்லாட்டை கெளையில தொங்குது? காயி மண்ணுக்குள்ள இல்ல இருக்கும்!”

பக்கத்துக் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, மண்ணோடு என் முன்னால் நீட்டினார். எத்தனை பொட்டலம் தின்றிருப்பேன்! காய் எங்கே காய்க்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“பட்டணத்துல யாரு சார் கேக்கப்போறாங்க? இப்படியே ஜல்தியா அடிச்சிடலாம். அஞ்சு மணிக்கு உங்க ரயிலு” என்றார் மாணிக்கம். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் செடி மேஜைமேல் கிடந்தது. காய் தனிக்கட்டையாக இருந்ததால் பிழைத்தேன். இலையும் பூவும் மேலே, நடுவில் மண்ணாக ஒரு காவிக் கோடு, காய் அதற்குக் கீழே. “வேராண்ட கொத்தா வையிங்க” என்று அஞ்சலை பக்கத்தில் நின்று இடம் காட்டினார். நான்கு மணிக்குத் துணி காய்ந்துவிட்டது.

புறப்படும்போது அந்த முதல் கெஜத்தை அஞ்சலை கேட்டார்.

“அது தப்பாச்சே அம்மா” என்றேன்.

“தெரியும் சார். வூட்டுல மாட்டிக்கினு பார்த்துக்கினு இருப்பேன். இப்படி மேல காய்ச்சிருந்தா, குனிஞ்சு குனிஞ்சு இந்த இடுப்பு போயிருக்காது இல்ல?”

துணியை மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் முதலாளிக்கு மாதிரி பிடித்துவிட்டது. காய் மேலா கீழா என்று அவர் பார்க்கவே இல்லை. என் வீட்டு ஜன்னலிலும் இப்போது அந்தச் சரியான மல்லாட்டைதான் தொங்குகிறது. எனக்கோ, அஞ்சலை வீட்டில் தொங்கும் தப்பான துணியைத்தான் இன்னொரு முறை பார்க்கவேண்டும் போலிருக்கிறது.