அம்மா பெயரில் நான் போட்ட கையெழுத்து

பிளஸ் ஒன் படித்தபோது, வகுப்பு மின்விசிறியின் இறக்கைகளைத் தாமரைப்பூ மாதிரி வளைத்துவிட்டேன். மன்னிப்புக் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் டி.சி. என்றார்கள். நானே அழகாக 'செல்வி' என்று எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் என் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினார். அதில் அம்மாவின் கைநாட்டு இருந்தது. 

"ஒரு வாரம் டைம். கைநாட்டு வேண்டாம், அவங்களே வந்து கையெழுத்துப் போடட்டும்," என்றார்.

சேக்காட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அடப்பாவி! என் பேர நீ போட்டியா? இன்னா எயுதுன, காட்டு," என்றார் அம்மா.

ஆறு நாள் என்னோடு உட்கார்ந்து எழுதிப் பழகினார். ஏழாம் நாள் பள்ளிக்கு வந்து, கோணலாகக் கையெழுத்திட்டு நிமிர்ந்தார்.

"இனிமே இவன் போட்டா நானே கண்டுபுடிச்சிருவேன் டீச்சர்."

அன்று டி.சி. கொடுத்திருந்தால், எங்கள் வீட்டில் இரண்டு பேரின் படிப்பு நின்றிருக்கும்.