ஞானசேகரன் மூக்கும் ஐந்து போர்பனும்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஞானசேகரன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். மூக்கு சார் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுபோய் விடுவார். விஸ்கிக் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் அந்த மூக்கை வைத்துத்தான் மனிதர் சம்பளம் வாங்கினார். பாட்டில் கழுவும் பகுதியில் மேற்பார்வைக்குச் சேர்ந்தவர், ஒருநாள் சரக்குத் தொட்டி அருகே போய் நின்று, "இதுல பழைய பெயிண்ட் வாசனை வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பூச்சு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே அவரைக் கலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றுமுதல் தினமும் காலை பத்தரை மணிக்குக் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து முகர்ந்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று சொல்வதுதான் அவருக்கு வேலை.

அந்த மூக்குக்கு வாழ்க்கைப்பட்டவள் லவினா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான முதல் வாரமே சட்டம் வந்துவிட்டது. பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது, தலையில் மல்லிகை கூடாது, சென்ட் என்ற பேச்சே கூடாது. ஈஸ்டர் அன்றைக்குக்கூடப் பூ வைக்காமல் சர்ச்சுக்குப் போனவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். "நான் உங்களையா கட்டிக்கிட்டேன், உங்க மூக்கைத்தானே" என்று சொல்லிக் காட்டாத மாதம் இல்லை. ஆனால் வெளியாள் யாராவது அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. ஞானசேகரன் ஓய்வு பெற்றும் அந்தச் சட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் தளர்த்தவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பழைய கம்பீரம் திரும்பும். அது நவம்பரில் வரும். அவரோடு வேலை பார்த்த பாலகுமார் இப்போது இன்னொரு கம்பெனியில் தலைமைக் கலவைக்காரர். பாலகுமாரின் தம்பி சஞ்சய் அமெரிக்காவில் கென்டக்கியில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணனுக்கு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியில் எப்போதும் ஒரே பெயர் கொண்ட பாட்டில் ஒன்று கொண்டுவருவான். சாதாரண விஸ்கியைப் பல பீப்பாய்களிலிருந்து கலந்து எல்லா வருஷமும் ஒரே ருசியாக ஆக்கிவிடுவார்கள். இது அப்படியில்லை. உள்ளே கருக்கிய ஒரே ஒரு பீப்பாயிலிருந்து இறக்கி அப்படியே அடைப்பது. லேபிள் ஒன்றாக இருந்தாலும் போன பாட்டில் மாதிரி இந்தப் பாட்டில் இருக்காது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிச் சலித்த ஞானசேகரனுக்கு, இந்த அடங்காத குணம்தான் பிடித்துப்போயிற்று.

ஆகவே ஒவ்வொரு பாட்டிலிலும் பாதியைக் குடிப்பார்கள். மீதியைச் சின்ன மருந்து பாட்டில்களில் காற்று புகாதபடி கழுத்துவரை நிரப்பி, வருஷம் எழுதிய சீட்டை ஒட்டி, ஞானசேகரன் அலமாரியில் வைப்பார். இரண்டாயிரத்துப் பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்று இப்போது ஐந்து சேர்ந்துவிட்டன. நவம்பர் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, வயிறு காலியாக இருக்கும்போதே, ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

இந்த வருஷம் லவினா ஒரு காரியம் செய்துவிட்டாள். கிறிஸ்துமஸ் கேக்குக்காக அக்டோபர் முதல் வாரமே திராட்சையும் செர்ரியும் நறுக்கி ரம்மில் ஊறப்போடுவது அந்த வீட்டு வழக்கம். அலமாரியில் கொஞ்சநஞ்சம் மிச்சமிருக்கும் எந்தப் பாட்டிலும் அந்த ஜாடிக்குள்தான் போய் விழும். அன்றைக்கும் கைக்கு அகப்பட்ட ஒரு சின்னப் பாட்டிலைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் பாட்டிலின் பின்பக்கம் சீட்டு கண்ணில் பட்டது. பதினெட்டு. மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஐந்து வருஷத்திலும் அவருக்கு உயிரான வருஷம். பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல அதைப் பற்றிச் சொல்வார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜாடிக்குள் ஊற்றியதைத் திரும்ப எடுக்கவா முடியும்? மிச்சமிருந்த கேக் ரம்மில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நிறம் ஒத்துவரும்வரை சேர்த்து, பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, பழைய இடத்திலேயே வைத்தாள். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகள் காப்பியடித்ததைக் கண்டுபிடித்துக் காதைத் திருகிய டீச்சர் செய்த காரியம் இது. சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைத்தாள். வருஷத்தில் அவருக்கு இருக்கிற ஒரே நாளை எப்படிக் கெடுப்பது என்று தினமும் தள்ளிப்போட்டாள்.

அந்த ஞாயிறும் வந்தது. பாலகுமார் வந்தார். மல்லேஸ்வரத்திலிருந்து வெங்கடராமன் வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஞானசேகரனின் நடைப்பயிற்சிச் சிநேகிதர். மனைவி பாமாவிடம் சங்கீதக் கச்சேரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். விஸ்கியில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஞானசேகரன் எது சொன்னாலும் "ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டுவது மட்டும் அவர் பங்கு.

முதல் குவளை பதினாறு. ஞானசேகரன் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். "காய்ஞ்ச அத்திப்பழம். கொஞ்சம் புகையிலை" என்றார். ஹௌது. அடுத்தது பதினெட்டு. சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்ற லவினா அவர் கையையே பார்த்தாள். அவர் குவளையைச் சுழற்றினார், மூக்கருகே கொண்டுபோனார், ஒரு வாய் குடித்தார்.

"அப்படியே இருக்கு. ஏலக்காய், தேன், கடைசில அந்தக் கருகின பலகை. ஏழு வருஷத்துல ஒரு இம்மி மாறல."

ஹௌது, ஹௌது. பாலகுமார் மட்டும் குவளையை இரண்டு தடவை முகர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஞானசேகரன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா சார்" என்றார்.

லவினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கணவர் காட்டிக்கொடுக்காமல் விட்டாரே! இரண்டு பேர் முன்னால், தன் மூக்கையே பொய் சொல்லவைத்து அவளைக் காப்பாற்றிவிட்டாரே! முப்பத்தேழு வருஷம் மல்லிகை வைக்காத குறையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தீர்ந்துபோனது.

ஒரு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். வெங்கடராமன் முன்னால் போய்விட்டார். வழியனுப்ப வந்த லவினாவிடம் பாலகுமார் கேட் அருகே தயங்கி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், சார்கிட்ட சொல்லாதீங்க. அந்தப் பதினெட்டு இருக்குல்ல, எனக்கு அது ரம் மாதிரியே அடிச்சுது. சார் ஏலக்காய்ங்கறாரு, எனக்கு ரம்மு. ரெண்டு தடவை பார்த்துட்டேன். என் மூக்கு போச்சுன்னு நினைக்கிறேன்."

"அப்படில்லாம் இருக்காது பாலு" என்றாள் அவள்.

"நாளைக்குக் கம்பெனில பன்னெண்டு பீப்பாய் பார்த்து எது தேறும்னு சொல்லணும். எந்த தைரியத்துல சொல்றது? லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட போறேன். முடியாதுன்னா வேலைய விட்டுடணும்." சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

லவினா உள்ளே வந்தாள். ஞானசேகரன் குவளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். கேக்குக்கு ஊற்றியது, ரம் நிரப்பியது, ஒரு மாதம் வாயைத் திறக்காதது.

"எனக்காக நீங்க பொய் சொன்னதுக்கு நான் என்னைக்கும் கடமைப்பட்டிருக்கேன். ஆனா அந்தப் பாலு பாவம், தன் மூக்கு போச்சுன்னு அழாத குறையாப் போறாரு. போன் பண்ணி உண்மையச் சொல்லிடுங்க."

அவர் அவளையே பார்த்தார். துடைக்கும் துணி கையில் அப்படியே நின்றது.

"அதுல ரம்மா இருந்துச்சு?" என்றார்.

இப்போது லவினா அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் நடிப்பு இல்லை. அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருபத்தொண்ணுல எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதோட மூக்கு போச்சு. ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினேன், உனக்குத் தெரியாமத்தான். வரலாம், வராமலும் போகலாம்னாங்க. பழைய வருஷமெல்லாம் மனப்பாடம், அதை ஒப்பிப்பேன். இருபத்திரண்டும் இருபத்துநாலும் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இவங்க மூஞ்சியப் பார்த்து ஏதோ சொல்லி வச்சேன்."

லவினாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "போன வாரம் மீன் குழம்பு அடிபிடிச்சுப் போச்சு. நீங்க பிரமாதம்னு சொல்லி ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டீங்க."

"உறைப்பு தெரியும், புளிப்பு தெரியும். மிச்சத்தை உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்வேன்."

"நாலு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

ஞானசேகரன் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பூ வைக்காத, பவுடர் போடாதன்னு உன்னை அத்தனை வருஷம் படுத்தினேன். அதனால இந்த வீட்ல எனக்கு உன் வாசனை மட்டும்தான் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நீ எந்த ரூம்ல இருக்கேன்னு சொல்வேன். காய்ச்சல் விட்ட அன்னிக்குக் காலைல முழிச்சேன். நீ பக்கத்துலதான் படுத்திருந்த. நீ இல்லாத மாதிரி இருந்துச்சு. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

லவினா எழுந்துபோய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் பண்ண தப்பை மறைக்க நீங்க வேணும்னே சொன்னீங்கன்னு பாலுகிட்ட சொல்லிடலாம். ரம்முன்னு தெரிஞ்சே சொன்னதா இருக்கட்டும். அவருக்கும் நிம்மதி. உங்க பேருக்கும் ஒரு குறை வராது. மூக்கு விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

நல்ல பொய்தான். ஓட்டை எதுவும் இல்லை. அவரும் தலையாட்டினார். போனை எடுத்து மேசைமேல் வைத்து, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் ஆட்டோ இரைச்சல் கேட்டது.

"பாலு, உன் மூக்குக்கு ஒரு குறையும் இல்ல. பதினெட்டுல இருந்தது ரம்தான். லவினா கேக்குக்கு ஊத்திட்டு, ரம்மை நிரப்பி வச்சிருக்கா."

"அய்யோ சார், அப்ப நீங்க ஏன்…" என்றார் பாலகுமார்.

லவினா அந்தப் பொய்க்காகக் காத்திருந்தாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்தார், போனைப் பார்த்தார்.

"எனக்கு மூக்கு இல்லடா. நாலு வருஷமா இல்ல. இதைச் சொல்லாம விட்டா, அடுத்த வருஷமும் நான் எதையாவது சொல்வேன், நீ உன் மூக்கைச் சந்தேகப்படுவ. நாளைக்கு அந்தப் பன்னெண்டு பீப்பாயையும் நீயே பாரு. யாரையும் கேக்காத, முக்கியமா என்னைக் கேக்காத."

பாலகுமார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப இருபத்திரண்டுல ஆரஞ்சுத் தோல்னு சொன்னீங்களே சார்?"

"அள்ளி விட்டேன்."

"வெங்கடராமன் சார் அதுக்கு மூணு ஹௌது போட்டாரு."

லவினா சிரித்துவிட்டாள். கண்ணீரோடுதான் சிரித்தாள். ஞானசேகரனும் தோள் குலுங்கச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரித்து ஓய்ந்ததும் இருபத்திரண்டின் பாட்டிலைத் திறந்து குவளையில் கொஞ்சம் ஊற்றினார்.

"பாலு, நிஜமா அதுல என்ன இருக்கு? நீ சொல்லு."

"நான் சொல்றது தப்பா இருந்தா?"

"தப்புன்னு சொல்ல இங்க யாருடா இருக்கா? சொல்லு."

"அண்ணா, சைடு ஹாக்கி" என்று பாலகுமார் ஓட்டுநரிடம் கன்னடத்தில் ஓரங்கட்டச் சொல்வது கேட்டது. ஆட்டோ சத்தம் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆரஞ்சு இல்ல சார். எடுத்ததுமே வறுத்த வேர்க்கடலை வருது. அப்புறம் இப்பத்தான் இழைச்ச பலகை, தச்சுப்பட்டறைல வருமே, அது. முழுங்கின பிறகு கொஞ்சம் காய்ச்சின வெல்லம். மூணு வருஷமா எனக்கு இதுதான் சார் வருது, சொல்லத்தான் பயம்."

ஞானசேகரன் குவளையை மூக்கருகே கொண்டுபோகவில்லை. நேரே ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்திவைத்தார். லவினா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரப்படாம சொல்லு பாலு" என்றார் அவர். "வேர்க்கடலைலேருந்து மறுபடி ஆரம்பி."