ஆளுக்குப் பாதி களிம்பு

மருந்து ஆராய்ச்சியில் நர்ஸ் வேலை என்பது, உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று நமக்கே தெரியாத ஒரு டியூபை மலர்ந்த முகத்தோடு நீட்டுவது. காரைக்காலில் கரப்பான் என்ற தோல் வியாதிக்கு ஒரு புதுக் களிம்பைப் பரிசோதித்த குழுவில் அந்த வேலையை நான் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். சொறிந்து சொறிந்து போர்வையைக் கறையாக்கியவர்கள், ஊரார் பேச்சைக் கேட்டுக் கத்திரிக்காயைத் தியாகம் செய்தவர்கள், நீங்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மாமனார் வாங்கிய அடி

கலா அக்கா மீனவர் தெருக்காரர். படகு வந்ததும் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பவர். எங்களிடம் வந்தபோது இரண்டு கையும் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வாடிக்கைக்காரர்கள் முதலில், "நீ தொடாத, நானே எடுத்துக்கிறேன்" என்றார்களாம். பிறகு பேசாமல் அடுத்த கூடைக்குப் போய்விட்டார்களாம். கையுறை போட்டால் மீன் வழுக்குகிறது, உள்ளே வியர்த்து இன்னும் எரிகிறது. கை ஆறாவிட்டால் தொழில் போச்சு, அவ்வளவுதான்.

கருவாடு தின்றதால்தான் வந்தது என்று தெருவே அவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தது. எங்கள் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "நோய் எதிர்ப்புச் சக்தின்னு ஒடம்புக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கான். திருடன் வந்தா அவன் அடிக்கணும். உங்க ஒடம்புல அவன் வீட்டுக்கு வந்த மாமனாரையும் போட்டு அடிக்கிறான். ஐஸும் உப்புத் தண்ணியும் பட்டுத் தோலு வேற கெட்டுப்போயிருக்கு. 'அடி'ன்னு அவனுக்கு உத்தரவு போற வழிய இந்த மருந்து மறிக்குதான்னு பாக்கப் போறோம்."

கலா அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமனார அடிச்சா அடிச்சிட்டுப் போறான் டாக்டரம்மா, என் கைய ஏன் அடிக்கிறான்?"

கையெழுத்துப் போடும் முன்

அடுத்த வீட்டுச் செல்விக்கும் அதே வியாதி. கருவாட்டுக்கு மீன் கீறி உப்புப் போடுகிறவர். கலா அக்காதான் கையோடு கூட்டிவந்தார். நான் இருவரையும் உட்காரவைத்து விதியைச் சொன்னேன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று தெரியும். விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இதை நான் நூறு பேரிடம் சொல்லியிருப்பேன், யாரும் முகம் சுளித்ததில்லை.

செல்வி மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடைக்காரன்கூட டூப்ளிகேட்ட சொல்லாமதான் விப்பான். நீங்க சொல்லிட்டே தர்றீங்க, கையெழுத்தும் கேக்குறீங்களே சிஸ்டர்!"

ஒரே மாதிரி ஆறிய கைகள்

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். நாலு கையும் ஓரளவு ஆறியிருந்தன. எனக்கு வாயெல்லாம் பல். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் கை எவ்வளவு ஆறியிருந்ததோ, அச்சு அசலாக அவ்வளவே இன்னொருவர் கையும் ஆறியிருந்தது. திருப்பிக் கொடுத்த டியூப்களைப் பார்த்தால், எல்லாமே கத்தரியால் நெடுக வெட்டி வழித்தெடுக்கப்பட்டிருந்தன.

கலா அக்கா ஒளிக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னார். அவருடைய டியூபையும் செல்வியின் டியூபையும் ஒரு டப்பாவில் பிதுக்கி, ஸ்பூனால் நன்றாகக் கலக்கி, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, இப்படியா பண்ணுவீங்க?" என்று கத்தியும்விட்டேன். அவர் அசரவில்லை. "கடலுக்குப் போனா யார் வலையில மீன் மாட்டுனாலும் எல்லாருக்கும் பங்கு உண்டு சிஸ்டர். எனக்கு மருந்து, அவளுக்கு மாவுன்னா அவ மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

அந்தோணியின் ஆறுதல்

நடந்ததை மேலிடத்துக்கு அப்படியே தெரிவித்தோம். இருவரும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள், களிம்பும் நின்றது. அதைக் கேட்டதும் கலா அக்காவின் முகம் செத்துவிட்டது. "அப்ப என் கை?" என்று மட்டும் கேட்டார். என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. "ஆராய்ச்சியிலேர்ந்துதான் உங்க பேர எடுத்திருக்கு, ஆஸ்பத்திரியிலேர்ந்து இல்ல" என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மாத்திரையை இருவருக்கும் அன்றைக்கே தொடங்கினார். அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டிய மாத்திரை அது.

ரத்தம் எடுத்தவர் எங்கள் லேப் டெக்னீஷியன் அந்தோணி. கோட்டுச்சேரிக்காரர், எதற்கும் பதறமாட்டார். இரண்டு குழாயிலும் பெயர் ஒட்டிக்கொண்டே என்னைத் தேற்றினார். "வுடுங்க சிஸ்டர், நல்ல வேளை, ரத்தத்தையும் கலக்கி ஆளுக்குப் பாதியா கொண்டாராம வுட்டாங்களே!"

மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சில மாதம் கழித்து மீன் வாங்கப் போனேன். கலா அக்காவின் கூடையைச் சுற்றி ஆள் நின்றது. வெறும் கையால் கொடுவா மீனின் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா பையை நீட்டி, "நீயே பாத்துப் போடு கலா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த ஆராய்ச்சிக்கு நாங்கள் உஷாராகிவிட்டதை அவரிடம் ஜம்பமாகச் சொன்னேன். இனி ஆளுக்கு ஆள் மாற்றித் தருவதில்லை. ஒரு ஊருக்கு முழுவதும் ஒரே களிம்பு, இன்னொரு ஊருக்கு முழுவதும் இன்னொன்று. அக்கம்பக்கத்தில் கலக்கிப் பயனில்லை. யோசனை என்னுடையது, டாக்டரம்மாவே பாராட்டினார். கலா அக்கா மீனைப் பையில் போட்டபடி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ஸு ஓடுதுல்ல சிஸ்டர்?"

கரப்பானுக்கு என்றைக்காவது மருந்து கண்டுபிடித்துவிடுவோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை எங்கள் ஊர்க்காரர்கள் பங்கு போடாமல் தடுக்கத்தான் மருந்து கிடையாது.