விரதம் பிடித்து எக்கோ எடுக்கப் போன அம்மா

நடந்ததை நடந்த மாதிரியே எழுதப் போகிறேன். அம்மாவும் இதை வாசிப்பா என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்றைக்கு அம்மாவுக்கு இதயத்தைப் பார்க்கிற எக்கோ ஸ்கான்.

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் அம்மாவின் இதயத்தில் இருகூர் வால்வைச் சுருக்கிவிட்டது. அது இன்னும் மோசமானால் கொழும்புக்கு அனுப்பி ஒப்பரேஷன் என்று போனமுறை ஸ்கானில் சொல்லியிருந்தார்கள்.

தர்மபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காலை பஸ். அம்மா விரதம். ஸ்கான் நல்லபடி வரவேணும் என்று அம்மனுக்கு நேர்ந்ததாம்.

வெறும் வயிற்றில் எரியும் என்று காலைக் குளிசையையும் போடவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கிற குளிசை அது.

ஸ்கான் அறையில் அம்மா இடப்பக்கம் சரிந்து படுத்தா. டொக்டர் நெஞ்சில் ஜெல் பூசிக் கருவியை வைத்தா.

"அக்கா, மூச்சை வெளியில விட்டிட்டு அப்பிடியே பிடியுங்கோ."

திரையில் வால்வின் இரண்டு இதழ்கள். நுனிகள் ஒட்டிக்கொண்டு, கஷ்டப்பட்டுத் திறந்தன. (என் விஞ்ஞானப் புத்தகத்தில் இது அம்புக்குறியோடு சும்மா நிற்கும்.)

பிறகு சிவப்பும் நீலமும் வந்தன.

"சிவப்பு நல்ல ரத்தமோ டொக்டர்?"

"இல்லைப் பிள்ளை. கருவிப் பக்கம் வாறது சிவப்பு, விலகிப் போறது நீலம். அவ்வளவுதான்."

(விஞ்ஞானத்தில் எனக்கு ஏ. அந்த நேரம் சொல்லவில்லை.)

இரத்தம் பாயும் வேகத்திலிருந்து வால்வின் இரண்டு பக்கமும் உள்ள அமுக்க வித்தியாசத்தைக் கணக்கிட்டா. டொக்டரின் முகம் மாறியது.

"போனமுறையை விட நல்லாக் கூடியிருக்கு. கொழும்புக்கு எழுத வேண்டி வரும் போல." பிறகு திரையின் மூலையைப் பார்த்தா. "ஏன் இவ்வளவு வேகமா அடிக்குது? குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்," என்றா அம்மா.

நான் இடையில் புகுந்தேன்.

"இல்லை டொக்டர். போடேல்லை. விரதம்."

அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

டொக்டர் ஏசவில்லை. "அக்கா, இதயம் வேகமா ஓடினா வால்வு திறந்திருக்கிற நேரம் குறையும். அதுக்குள்ள ரத்தமெல்லாம் இடிச்சுப் பிடிச்சுப் போகோணும். அமுக்கம் கூடத்தான் காட்டும். போய்ச் சாப்பிட்டுக் குளிசையைப் போட்டிட்டு, கடைசி ஆளா வாங்கோ."

கன்ரீனில் அம்மாவுக்கு மரக்கறி றொட்டி.

"உன்னை ஆர் கேட்டது?"

"அவா கேட்டவாதானே."

"என்னைக் கேட்டவா."

றொட்டியை முடித்து அம்மா குளிசையைப் போட்டா; மத்தியானம் வரைக்கும் காத்திருந்தோம்.

திரும்பப் போனபோது எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அதே படுக்கை, அதே ஜெல், அதே மூச்சு. இதழ்களும் அதேதான், ஆனால் ஆறுதலாக, அவசரமில்லாமல் திறந்தன. டொக்டர் வால்வின் வாயைத் திரையில் சுற்றி வரைந்து பரப்பை அளந்தா. அமுக்கத்தைத் திரும்பவும் கணக்கிட்டா.

"வால்வு சுருங்கித்தான் இருக்கு. ஆனா போனமுறை மாதிரியேதான். இப்ப ஒப்பரேஷன் தேவையில்லை. குளிசையை மட்டும் விடாதேங்கோ."

அம்மா ஜெல்லைத் துடைத்தா.

"கொழும்புக்குப் போகவெண்டு பெரியம்மாவிட்ட சூட்கேஸ் கேட்டு வைச்சனான்," என்றா என்னிடம் மெதுவாக. "வேண்டாமெண்டு சொல்லிவிடோணும்."

எப்போது கேட்டு வைத்தா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் வெளியே வந்ததும் அறையின் லைட்டுகளை அணைத்துவிட்டார்கள்.