தண்ணீர்க் கண்டமும் பச்சைக் கோடும்

ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தின் களஞ்சியப் பொறுப்பாளன் கஜீபன் சாதுவான மனிதன். நுளம்பு கடித்தால்கூட ஊதித்தான் விடுவான். அப்படிப்பட்டவன் ஒவ்வொரு பின்னேரமும் பெண்சாதி பிரசாந்தினியைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தான்.

கைபேசி விளையாட்டில்தான். இருவரும் ஒரே அணி. எதிரியைச் சுற்றிச் சிவப்புக் கோடு, தன் ஆளைச் சுற்றிப் பச்சைக் கோடு. சொந்த அணிக்காரனின் குண்டு பட்டாலும் உயிர் போய்விடும். பாவம், கஜீபனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மண்ணிறம்.

"வேணுமெண்டுதானே சுடுறீங்கள்? மனசில கிடக்கிறதுதான் கையில வருது" என்றாள் பிரசாந்தினி. முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினாள். கடைசியில், கப்பல்துறையிலுள்ள தாய்வீட்டுக்குப் போகப் பை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஒரு பழைய பொய் சந்திக்கு வந்துவிடும். கலியாணத்துக்கு முதல், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டப் போய், நிறம் பார்க்கும் சோதனையில் தோற்றவன் அவன். அந்த வேலை ஏன் சரிவரவில்லை என்று பெண் வீட்டார் கேட்டபோது, "சாதகத்தில தண்ணீர்க் கண்டம் இருக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். பொருத்தம் பார்த்த சாத்திரியாரோ, தன் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று காட்டிக்கொள்ள விரும்பாமல், "ஓம் ஓம், இருக்கு" என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து மாமியார் மருமகனைக் கடற்கரைப் பக்கம் விடுவதில்லை. வருடா வருடம் சல்லி முத்துமாரியம்மனுக்கு அவன் பேரில் பொங்கல். அவன் கிணற்றடிக்குப் போனாலும் யாராவது காவல்.

பை பூட்டும் சத்தம் கேட்டதும் கஜீபன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் நம்பவில்லை. குசினியிலிருந்து ஒரு பச்சை மிளகாயும் ஒரு பழுத்த மிளகாயும் கொண்டுவந்து நீட்டினாள்.

"சிவப்பு எது?"

அவன் இரண்டையும் மணந்து பார்த்தான்.

"கண்ணால பார்த்துச் சொல்லுங்கோ!"

பச்சையைத் தொட்டுக் காட்டினான்.

"அப்ப, அம்மா இவ்வளவு காலமும் பொங்கினது?"

"அம்மாளாச்சி ஏற்றுக்கொண்டிருப்பா" என்றான் மெல்ல.

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பையை அவிழ்த்தாள். அவனுடைய கைபேசியைப் பறித்து, எதிரியின் கோட்டு நிறத்தை மஞ்சளாகவும் தங்கள் கோட்டு நிறத்தை நீலமாகவும் மாற்றிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம்தான் கஜீபன் முதன்முறையாக ஆளைத் தெரிந்து விளையாடினான். நீலக் கோட்டுக்குள் பெண்சாதி ஓடி வருவதைக் கண்டபோது அவனுக்குக் கண் கலங்கியது. துவக்கைத் தாழ்த்தி, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அவள் நேரே வந்து அவன் தலையில் சுட்டாள்.

"இஞ்சருமப்பா, நான் உம்மட ஆள்!"

"தெரியும். எனக்குக் கண் வடிவாத் தெரியும்" என்றாள் பிரசாந்தினி. "இது அம்மான்ர பொங்கலுக்கு."