இரும்புக்கரம் பக்கம் ஒரு நாற்காலி

பட்டிமன்ற நடுவர் என்பவர் தீர்ப்பை வீட்டிலேயே முடிவு செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மேடையில் இரண்டு மணி நேரம் யோசிப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் ஆள். வீட்டிலோ ஆபீசிலோ இரண்டு பேர் சண்டைக்கு நடுவே ஒருமுறையாவது மாட்டிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் பாடு புரியும். உங்களுக்கு அது எப்போதாவது; எனக்கு ஞாயிறுதோறும், அதுவும் மைக் வைத்து.

தலைப்பு மாறியது

சாதாரண நாட்களில் எங்கள் குழுவுக்கு வரும் தலைப்புகள் குடும்பத்தைத் தாண்டாது. வீட்டை ஆள்வது கணவனா மனைவியா, பிள்ளைகள் கெடுவது செல்போனாலா செல்லத்தாலா, இப்படி. நாட்டில் எங்காவது குண்டு வெடித்துவிட்டால் போதும், கோவையைச் சுற்றியுள்ள விழாக் கமிட்டிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் நாட்டுப்பற்று வந்துவிடும். 'தீவிரவாதத்தை ஒழிக்க அரசுக்குத் தேவை இரும்புக்கரமா? அன்புக்கரமா?' என்று தலைப்பை அவர்களே எழுதி அனுப்புவார்கள். செத்தவர்கள் வீட்டில் அழுகை ஓய்ந்திருக்காது, இங்கே ஃப்ளெக்ஸ் கட்டி முடித்திருப்பார்கள். எனக்கு அந்தத் தலைப்பைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கும்.

கிணத்துக்கடவிலிருந்து கோயில் கமிட்டித் தலைவர் போன் செய்தார். தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனிதர். விஷயம் கனமானது, இதில் சிரிப்புக்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "தீவிரவாதமே இருக்கட்டுமுங்க. ஆனா ஊட்டுப் பொம்பளைங்கல்லாம் வருவாங்க, நடுவுல நாலு மாமியார் ஜோக்கு மட்டும் கண்டிப்பாப் போட்டுருங்க."

யார் எந்தப் பக்கம்

எங்கள் குழுவில் நசீமா டீச்சர் என்று ஒருவர். கோவைக் கோட்டைமேட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். புடவைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டு மைக்கைப் பிடித்தால் கைத்தட்டலுக்குக் காத்திருக்காமல் பேசிக்கொண்டே போவார். வீட்டை ஆள்வது யார் என்ற தலைப்பில் அவரை எந்த அணியில் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தத் தலைப்பு வந்தால் மட்டும், "அந்தம்மா அன்புப் பக்கந்தானுங்களே?" என்று கமிட்டிக்காரர்கள் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். டீச்சரோ ஒரே ஒரு தடவை இரும்புக்கரம் அணியில் நாற்காலி வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் கலவரமும் குண்டுவெடிப்பும் அடுத்தடுத்து வந்தன. கலவரத்தில் அவருடைய அப்பாவின் வளையல் கடை எரிந்தது. குண்டுவெடிப்பில் கூடப் படித்த தோழி ஒரு காலை இழந்தாள். இரண்டையும் பார்த்த டீச்சருக்கு மேடையில் கிடைப்பது, எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று பேசும் வேலைதான். அணி மாறினால் கூட்டம் முகம் சுளிக்கும், பிறகு கூப்பிடவே மாட்டார்கள் என்று நான் பயமுறுத்திப் பார்த்தேன். டீச்சர் கேட்டது இதுதான்: "அல்லா பேரச் சொல்லிக் குண்டு வெக்கறானுங்க சார். மொதக் கோவம் எனக்குத்தான வரோணும்? அதக் காட்ட மட்டும் எனக்கு எடமில்லீங்களா?"

ஞாயிறும் திங்களும்

இரும்புக்கரம் அணியின் நிரந்தரத் தலைவர் வக்கீல் சென்னியப்பன். "விசாரணை எதற்கு, வழக்கு எதற்கு?" என்று அவர் கர்ஜித்தால் பந்தலே ஆடும். அதே சென்னியப்பன் திங்கட்கிழமை கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, விசாரணை இல்லாமல் என் கட்சிக்காரரை எப்படி உள்ளே வைத்தீர்கள் என்று வாதாடுவார். தொழில் வேறு, மேடை வேறு என்பது அவர் கொள்கை. இப்படிச் சந்தேகத்தில் போலீஸ் பிடித்த பையன்களில் பாதிப் பேருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான் என்பது கைத்தட்டுகிற யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் பட்டிமன்றத்தை நேரலையில் வேறு விடுகிறார்கள். அது தெரிந்த நாளிலிருந்து மனிதர் மேடைக்கு வரும்போதே கேமரா எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் என் காதோடு குனிந்து புலம்பினார்: "ஞாயித்துக்கெழம நான் பேசறத திங்கக்கெழம ஜட்ஜய்யா பாத்துட்டாருன்னா எங்கதி என்னாகறதுங்க?"

நாலு பேர்

கருமத்தம்பட்டியில் பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் கை தூக்கினார். விசைத்தறி வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். இத்தனை பேர் இத்தனை நேரம் பேசியும் தீர்வு சொல்லவில்லை, தன்னிடம் ஒரு தீர்வு இருக்கிறது என்றார். மைக்கைக் கொடுத்தேன். நாலு பேரை நடுரோட்டில் நிறுத்திச் சுட்டால் மறுநாளே நாடு அமைதியாகிவிடும் என்றார். பயங்கரக் கைத்தட்டல். எனக்கு அலுப்பு தாங்காமல், "எந்த நாலு பேருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. விவரம் தெரியாதவனுக்குச் சொல்கிற பொறுமையோடு விளக்கினார்: "யாராச்சும் நாலு பேருங்க. ஆள் பாத்துப் பாத்துச் சுட்டுட்டு இருந்தா வேலைக்காகுமுங்களா?"

கும்பிடு

என் தீர்ப்பு எந்த ஊரிலும் ஒன்றுதான். இரும்புக்கரமும் வேண்டும், அன்புக்கரமும் வேண்டும். இரண்டு கரமும் சேர்ந்தால்தானே கும்பிட முடியும் என்று சொல்லி, எழுந்து நின்று கும்பிட்டுக் காட்டுவேன். இரண்டு அணிக்கும் சந்தோஷம், கமிட்டிக்கும் சந்தோஷம். எங்கள் வேன் டிரைவர் கதிர்வேலுக்கு மேடைப் பக்கம் வந்து நிற்கவேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் வேனில் ஏறியதும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "கும்புட்டாச்சுங்களா? வண்டிய எடுக்கட்டுங்களா?"

அவிநாசி

அவிநாசியில் வியாபாரிகள் சங்க விழா. கல்யாண மண்டபத்தில் காலையில் பட்டிமன்றம், மதியம் சாப்பாடு. மேடைக்குப் போகும் முன் சென்னியப்பன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் ஒரு பையனின் ஜாமீன் மனு, இங்கே நேரலை, இன்றைக்கு மட்டும் தன்னை அன்புக்கரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று கெஞ்சினார். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் ஏற்கனவே எழுந்து போய் இரும்புக்கரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சங்கச் செயலாளர் முகம் இருண்டது. யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. "இப்படியே நடக்கட்டும்" என்று மணியை அடித்துவிட்டேன்.

ஒருத்தனைப் பிடிக்கப் பத்துப் பேரை அள்ளிக்கொண்டு போனால், மிச்சம் ஒன்பது பேர் என்ன மனதோடு வீடு திரும்புவார்கள் என்று சென்னியப்பன் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அடுத்து டீச்சர். "கடைய எரிச்சவனையும் புடிங்க, குண்டு வெச்சவனையும் புடிங்க. ரெண்டு பேரையும் ஒரே வேகத்துல புடிங்க. சோதன போடுங்க, ஆனா வரிசைல நிக்கற அத்தன பேருக்கும் போடுங்க. பக்கத்து ஊட்டுல சக்கர வாங்கறதுக்கு எங்களுக்கு அரசாங்கம் வேண்டாமுங்க. அன்பு எங்க வேலை, அத நாங்க பாத்துக்கறோம். சட்டம் அரசாங்கத்து வேலை, அதச் செய்யச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபமே கை தட்டியது. இரண்டு பேருமே அன்றைக்குத்தான் சொந்த வாயால் பேசினார்கள் என்று எனக்குத் தோன்றியது. சட்டைப்பையில் இருந்த கும்பிட்டை வெளியே எடுக்க மனம் வரவில்லை. "இரும்புக்கரம்தான், ஆனால் எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழும் இரும்புக்கரம்" என்று தீர்ப்புச் சொன்னேன். கீழே இறங்கியதும் செயலாளர் எனக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா நல்லாத்தான் பேசறாங்க. இருந்தாலும் அன்பப் பத்திப் பேசினாத்தானுங்க அவங்களுக்கு அழகா இருக்குது."

சாப்பாட்டுக் கூடத்து வாசல்

மதியம் பரிசு கொடுக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. அதனால் நாங்கள் மேடையில் இருந்தபோதே சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மெட்டல் டிடெக்டர் கதவு ஒன்றை நிறுத்தி, ஒரு செக்யூரிட்டிப் பெண்ணையும் போட்டிருந்தார்கள். சென்னியப்பன் கேஸ் கட்டு அடைத்த பெரிய பையோடு நுழைந்தார். கதவு கீச்சென்று கத்தியது. "போங்கய்யா" என்றாள் அந்தப் பெண். சால்வையோடு சங்கம் கொடுத்த கேடயத்தைப் பையில் போட்டுக்கொண்டு நான் நுழைந்தேன். இன்னும் பெரிதாகக் கத்தியது. "போங்கய்யா." எனக்குப் பின்னால் டீச்சர் வந்தார். கதவு சத்தமே போடவில்லை. "அக்கா, நில்லுங்க, பையத் தொறங்க" என்றாள். "நீங்க பேசினத ஸ்பீக்கர்ல கேட்டேனுங்க. கை வலிக்கத் தட்டினேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பைக்குள் கையை விட்டாள்.

கண்ணாடிக்கூடு, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் கணக்கு விடைத்தாள்கள். ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வந்து என் பையை மேஜைமேல் வைத்து, "இதையும் பாரம்மா" என்றேன். "உங்களுக்கெதுக்குங்கய்யா" என்று அதை மரியாதையாக என்னிடமே நீட்டினாள் அந்தப் பெண். டீச்சர் விடைத்தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "உங்க தீர்ப்புல பாதிதானுங்க சார் இந்த வாசலுக்கு வந்து சேந்திருக்குது. மீதி பொறகால வருமாட்ட இருக்குது, வாங்க, சாப்புடலாம்."

தீர்ப்புச் சொல்ல எனக்கு எல்லா ஊரிலும் நடுவில் நல்ல நாற்காலியாகத்தான் போடுகிறார்கள். அது வாசல்வரை போய்ச் சேர்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க மட்டும் எந்த ஊரிலும் ஒரு ஸ்டூல்கூடப் போட்டதில்லை.